கொழும்பில் முதலாம் வகை நீரிழிவோடு, குறைந்த வருமானத்தில்: இளையோருக்கு ஒரு வழிகாட்டி

புறக்கோட்டையில் கடை வேலைக்கு நிற்பவர், கொட்டாஞ்சேனையில் நால்வரோடு ஓர் அறையைப் பகிர்ந்திருப்பவர், மட்டக்குளியில் தகரக் கூரையின் கீழிருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர் என நீங்கள் யாராகவும் இருக்கலாம். முதலாம் வகை நீரிழிவு என்று அண்மையில் உங்களிடம் சொல்லியிருந்தால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கும் அதே நோய்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஊசியோடுதான் வாழ்க்கை.

இலங்கையில் அரச வைத்தியசாலையில் இன்சுலினுக்குக் காசு கேட்க மாட்டார்கள். எத்தனையோ நாடுகளில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பேறு அது. ஆனால் இன்சுலினைச் சுற்றியுள்ள எதுவும் இலவசமில்லை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போகும். இரத்தத்தில் சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்புக்குக் காசு வேண்டும். குப்பியை வைக்கக் குளிர்ச்சியான ஓர் இடம் வேண்டும். நேரத்துக்குச் சோறு வேண்டும். இந்த நான்கையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கட்டுரை முழுவதும். ஊசியின் அளவை மட்டும் உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

இது எந்தச் சீனி வருத்தம்?

அப்பம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருக்கும் சீனி வருத்தம் வேறு, உங்களுடையது வேறு. அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் இரண்டாம் வகை. அவர்கள் உடல் இன்சுலினைச் சுரக்கும், ஆனால் அது சரியாக வேலை செய்யாது. உங்களுக்கோ, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிட்டது. இனிப்புச் சாப்பிட்டதால் வந்ததல்ல. அம்மாவின் வளர்ப்பில் பிழையும் இல்லை. மாத்திரையால் இதை ஈடுசெய்ய முடியாது. வெளியிலிருந்து இன்சுலின் ஏற்றியே ஆக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை.

ஊசி தொடங்கிய சில வாரங்களில் பலருக்கு ஒரு விசித்திரம் நடக்கும். சீனி அளவு நன்றாக இறங்கி, இன்சுலின் தேவையும் குறைந்துகொண்டே வரும். கணையத்தில் எஞ்சியிருக்கும் கலங்கள் சிறிது காலம் மூச்சுவிட்டு வேலை செய்வதால் வருவது இது. மாதக்கணக்கில் நீடிக்கலாம், பிறகு முடிந்துவிடும். கோவைக்காய்ச் சாறு, பாகற்காய், கோத்தல ஹிம்புட்டு மரக் கோப்பை என்று ஆளுக்கொரு வைத்தியம் வீட்டுக்கு வருவதும் சரியாக இந்தக் காலத்தில்தான். சாற்றால் குணமாகிறது என்று வீடே நம்பிவிடும். கோவைக்காயைக் கறியாக்கிச் சாப்பிடுங்கள், நல்ல மரக்கறி. ஆனால் இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் சாமியாராக இருந்தாலும் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். முதலாம் வகைக்காரர் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே, சிலவேளை ஒரே நாளில்கூட, உயிருக்கு ஆபத்து வரும்.

முதல் வேலை: ஒரு கிளினிக்கில் பெயர் பதிவது

கொழும்பில் தேசிய வைத்தியசாலையில் நீரிழிவுக்கும் அகஞ்சுரப்பிகளுக்கும் தனிப் பிரிவு உண்டு. சிறுவர்களுக்குப் பொரளையில் லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலை இருக்கிறது. தெகிவளை, வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் ஊர்க் கிளினிக்கிலிருந்து ஒரு மாற்றுக் கடிதம் வாங்கி வாருங்கள். ஊருக்குப் போகும்போது மருந்தெடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் அநேகம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் குப்பி தீர்ந்துபோகும்போதுதான் அந்தக் கணக்கு பிழைக்கும்.

கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதாக இருந்தால் காலை ஊசியை எப்போது போடுவது என்று முதல் தடவையே தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலரிடம் ஊசியையும் சாப்பாட்டையும் பையில் கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே சீனி இறங்கலாம் என்பதால் பையில் இனிப்பும் இருக்கட்டும். கிளினிக் புத்தகத்தைப் பொலித்தீன் உறையில் வையுங்கள். முதல் பக்கத்தையும் கடைசி மருந்துச் சீட்டையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு மழைக்கு இது அவசியம்.

இனிக் கூலி விஷயம். மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடத்துக்கு 12 நாள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி, கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்பவருக்கு இரண்டாவது வருடத்திலிருந்து நோய் போன்ற சொந்தத் தேவைகளுக்கு 7 நாளும், அது தவிர 14 நாள் வருடாந்த விடுமுறையும் சம்பளத்தோடு உண்டு. புறக்கோட்டையில் அன்றாடக் கூலிக்கு நிற்பவரிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னால் சிரிப்பார் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருங்கள். மற்றவர்கள் வைத்தியரிடமே நேராகக் கேட்கலாம்: "ஐயா, மாதாமாதம் வந்தால் கூலி போகிறது. அளவு சீராக இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தருவீர்களா? மருந்தை மட்டும் அக்கா வந்து எடுக்கலாமா?" எல்லா இடத்திலும் முடியாது. ஆனால் கேட்காமல் கிளினிக்கையே விட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு அவசரப் பிரிவில் கிடக்கிறார்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. முடிந்தால் எப்போதும் ஒரு குப்பி கூடுதலாகக் கையில் இருக்கட்டும். வைத்தியசாலையில் இல்லாவிட்டால் அடுத்ததாகப் பார்க்க வேண்டிய இடம் அரசாங்க மருந்தகமான ஒசுசல. அங்கேயும் இல்லை, கையில் ஒரு துளியும் இல்லை என்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போய், முதலாம் வகை என்று சொல்லுங்கள்.

குப்பியும் ஊசியும்

கிளினிக்கில் பெரும்பாலும் கிடைப்பது மூன்று விதம். தெளிந்த நீர்போல இருப்பது குறுகிய நேரம் வேலை செய்யும் சொலுபிள். பால்போலக் கலங்கலாக இருப்பது நீண்ட நேரம் நிற்கும் ஐசோபேன். 30/70 என்பது இரண்டும் கலந்தது.

கலங்கல் குப்பியைக் குலுக்காதீர்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள். அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவு கரைந்து முழுக்க ஒரே வெண்மையாக வர வேண்டும். உருட்டிய பிறகும் துணுக்குகள் மிதந்தால், அல்லது கண்ணாடிச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்தக் குப்பி போய்விட்டது. தெளிந்த இன்சுலின் கலங்கினாலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கச் சொல்லியிருந்தால், முதலில் கலங்கல் குப்பிக்குள் அதன் அளவுக்குக் காற்றை மட்டும் ஏற்றிவிட்டு ஊசியை வெளியே எடுங்கள். பிறகு தெளிந்த குப்பிக்குள் காற்றை ஏற்றி, அதிலிருந்து மருந்தை எடுங்கள். கலங்கலை எடுப்பது கடைசியில். வரிசை மாறினால் கலங்கல் மருந்து தெளிந்த குப்பிக்குள் போய் அதன் குணத்தைக் கெடுத்துவிடும். 30/70ஐ எதனோடும் கலக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் நம் வீடுகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் உறவினர் பாசத்தோடு இன்சுலின் வாங்கி வருவார். இந்தியாவில் விற்கும் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகுதான் இருக்கும். இங்கே வைத்தியசாலைக் குப்பியில் 100 அலகு. ஊசியும் அதற்கேற்றபடி வேறு: 40க்குரிய சிரிஞ்சுக்குப் பொதுவாகச் சிவப்பு மூடி, 100க்குரியதற்குச் செம்மஞ்சள் மூடி. இங்குள்ள சிரிஞ்சில் அந்தக் குப்பி மருந்தை எடுத்தால் பாதியும் ஏறாது. அங்கிருந்து வந்த சிரிஞ்சில் இங்குள்ள மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறும், அது ஆளையே விழுத்திவிடும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாமல் குப்பியிலும் சிரிஞ்சிலும் உள்ள எண்ணை வாசித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

சிரிஞ்சை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. காசில்லாதவர்கள் மறுபடியும் பயன்படுத்துகிறார்கள் என்பது நடப்பு. அப்படிச் செய்பவர்கள் இதையாவது கவனியுங்கள்: உங்கள் ஊசி உங்களுக்கு மட்டும்தான், அறைத் தோழனுக்கும் அதே நோயென்றாலும் கொடுக்கக் கூடாது. உடனே மூடிவிடுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், ஊசியின் வழவழப்பு போய்விடும். குத்தும்போது வலித்தால் தூக்கிப்போடுங்கள். வயிறு, தொடை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே கட்டிபோலத் தடித்து, ஒருநாள் போல இன்னொரு நாள் மருந்து ஏறாது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறை

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் வேண்டும். திறந்த குப்பியை 30 பாகைக்கு மேற்படாமல் வைத்தால் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. 25க்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கும் சூட்டிலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் குன்றாமல் இருந்ததாக அதில் கண்டார்கள். ஆகவே கையில் ஓடும் குப்பி அறையில் இருப்பதற்காகப் பதற வேண்டாம். திறந்த திகதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தகரக் கூரையும் சீற்றும் பகலில் நெருப்பாகக் கொதிக்கும் அறைகளில் மேல் தட்டுதான் மிக மோசமான இடம். தரையை ஒட்டி, அடுப்புக்கும் யன்னல் வெயிலுக்கும் எட்டாத மூலையில் வையுங்கள். மண் சட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டி, உள்ளே மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் குப்பியை வைக்கலாம். வறண்ட ஊரில் இது நன்றாகக் குளிரும். கொழும்பின் புழுக்கக் காற்றில் கொஞ்சம்தான் குளிரும், ஆனாலும் வெறும் மேசையைவிட மேல்.

திறக்காத குப்பிகளுக்கு யாருடைய குளிர்சாதனப் பெட்டியையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரர், மூலைக்கடை முதலாளி, தெரிந்த அக்கா என்று யாராவது இருப்பார்கள். சாப்பாட்டு டப்பாவில் பெயரெழுதி நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். "ஐஸ் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள்" என்று இரண்டுமுறை சொல்லுங்கள், ஏனென்றால் நல்ல மனதோடு அங்கேதான் வைப்பார்கள். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது.

ஸ்ட்ரிப்பில் சிக்கனம்

குளுக்கோமீற்றரை மலிவாகத் தந்துவிட்டு ஸ்ட்ரிப்பில் காசு பார்ப்பதுதான் இந்த வியாபாரம். அதனால் மீற்றரின் விலையைப் பார்க்காமல் அதன் ஸ்ட்ரிப் பெட்டியின் விலையைப் பார்த்து வாங்குங்கள். அந்த ஸ்ட்ரிப் உங்கள் பக்கத்து மருந்தகத்தில் தொடர்ந்து கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பார்ப்பது நல்லது. ஒன்றுக்குத்தான் வசதி என்றால் அதை எப்போதும் விடியற்காலையில் செலவழிக்காதீர்கள். இன்று காலைச் சாப்பாட்டுக்கு முன், நாளை மதியத்துக்கு முன், மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன், அடுத்து படுக்கப் போகுமுன் என்று சுழற்றுங்கள். ஒரு கொப்பியில் குறித்துவந்தால் இரண்டு வாரத்தில் எந்த நேரத்தில் தகராறு என்று வைத்தியருக்குத் தெரிந்துவிடும். வெறும் வயிற்று எண்களை மட்டும் காட்டினால் அவரால் இரவு ஊசியைத் தவிர வேறொன்றையும் பெரிதாகத் திருத்த முடியாது. காய்ச்சல் நாட்களுக்கென்று சில ஸ்ட்ரிப்பைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை வைத்தியசாலையிலேயே செய்ய முடியுமா என்று கேளுங்கள், தனியாரிடம் காசு கூட.

இலங்கை நீரிழிவுச் சங்கம் ராஜகிரியவில் தேசிய நீரிழிவு நிலையத்தை நடத்துகிறது. வறிய குடும்பத்து இளையோருக்கு இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் கிடைக்க உதவும் 'லைஃப் ஃபார் எ சைல்ட்' என்ற சர்வதேசத் திட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. அந்தப் பெயரைச் சொல்லி அங்கேயும் உங்கள் கிளினிக்கிலும் விசாரியுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

இறங்கினால், ஏறினால்

இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது இறக்கம். கை நடுங்கும், வியர்க்கும், பசி பிடுங்கும், காரணமில்லாமல் கோபம் வரும். ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் சோதிக்க ஓடாதீர்கள், உடனே இனிப்பெடுங்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும். கொதிக்கும் பிளேன்டீ வேண்டாம், ஊதி ஊதிக் குடிப்பதற்குள் நேரம் போய்விடும். சொக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் பொறுங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இரண்டு விசுக்கோத்தோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிடுங்கள். காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு பொட்டலம் சீனி இருக்கட்டும், இந்த நோயில் இவ்வளவு மலிவான காப்புறுதி வேறில்லை.

பஸ்ஸில் இப்படியானால் கண்டக்டரிடம் சிங்களத்தில் "மட்ட தியவெடியாவ தியெனவா, சீனி டிக்கக் தென்ன" (எனக்கு நீரிழிவு இருக்கிறது, கொஞ்சம் சீனி தாருங்கள்) என்றால் புரிந்துகொள்வார். சேர்ட் பையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிய ஓர் அட்டையும் இருக்கட்டும், ஏனென்றால் தள்ளாடும் இளைஞனைப் பார்த்ததும் குடித்திருக்கிறான் என்றுதான் சனம் நினைக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழைக்கச் சொல்லி அறைத் தோழர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஏறுவது இன்னொரு ஆபத்து. காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தால் "சாப்பிடவில்லையே, ஊசி எதற்கு" என்று தோன்றும். அந்த எண்ணத்தால்தான் பலர் வார்டுக்குப் போகிறார்கள். நோயின்போது உடல் தானாகவே சீனியை ஏற்றும், எனவே இன்சுலினை முற்றாக நிறுத்தவே கூடாது. அளவை எப்படி மாற்றுவது என்று நல்ல நாளிலேயே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் கீட்டோன் என்ற அமிலத்தைச் சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்தகத்தில் கிடைக்கும். வாந்தி நிற்காமல், வயிறு வலித்து, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கி, வாயில் பழுத்த பழ வாசனை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கடை நேரமும் சாப்பாடும்

காலை 7 மணிக்கு 30/70 போட்டால் அதிலுள்ள கலங்கல் பகுதி மதியத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். நத்தார், தீபாவளி வியாபாரத்தில் முதலாளி மூன்று மணிக்குத்தான் சாப்பிட விடுவார். ஊசிக்கு அது தெரியாது. இறக்கம் வருவது அங்கேதான். பத்தரைக்கு இரண்டு விசுக்கோத்துச் சாப்பிட அனுமதி கேட்டுப் பெறுங்கள். நேரம் ஒருபோதும் நிலையில்லாத வேலை என்றால் சொலுபிளும் ஐசோபேனும் தனித்தனியாகப் போடும் முறைக்கு மாற முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குத்தல் கூடும், ஆனால் சாப்பாட்டு நேரத்தை நீங்கள் தீர்மானிக்கலாம். நாட்டாமி வேலைபோல மூட்டை சுமந்த நாளின் இரவில் உறக்கத்திலேயே சீனி இறங்கலாம். அன்று படுக்குமுன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

முதலாளியிடம் சொல்வதா விடுவதா? எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பது என் கட்சி. கல்யாணப் பேச்சுவரை நீளும் வாய்கள் நம்மவர்களுக்கு உண்டு, குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். ஆனால் கடையில் பக்கத்தில் நிற்கும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில் தடை என்று பெரிதாக எதுவுமில்லை, அளவுதான் கணக்கு. ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள். சோற்றுப் பார்சல் ஒன்றில் அப்படி இரண்டு மூன்று கோப்பை இருக்கும், பாதியை இரவுக்கு எடுத்து வையுங்கள். ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 15 கிராம். குரக்கன் மாவிலும் மாப்பொருள் உண்டு, "குரக்கன்தானே" என்று அள்ளக் கூடாது. பருப்பு, முட்டை, வல்லாரைச் சம்பல், முருங்கைக் கீரை போன்றவை மலிவு, நல்லவை. சஷ்டி விரதமோ நோன்போ பிடிக்க விரும்பினால் வைத்தியரிடம் முன்பே பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை

கண்ணின் விழித்திரை, சிறுநீரில் புரதம், பாதம் ஆகிய மூன்றையும் வருடந்தோறும் பார்க்க வேண்டும். பொதுவாக நோய் வந்து ஐந்து வருடத்தில் தொடங்குவார்கள். நெரிசலான கிளினிக்கில் யாரும் நினைவூட்ட மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கண்ணுக்குக் கொழும்பிலேயே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிப் போங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

பாவித்த ஊசிகளைக் குப்பைப் பையில் போட்டால் மாநகர சபைத் தொழிலாளியின் கையில்தான் குத்தும். தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, மூடி இறுக்கி, நிறைந்ததும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் எங்கே ஒப்படைப்பது என்று தாதியிடம் கேளுங்கள்.